கையெழுத்துப் போடாத டிரோன்

ஆலத்தங்குடி ஊராட்சிக்கு மருந்தடிக்க ஒரு டிரோன் வந்தது. நெல்லில் புகையான் பூச்சி இறங்கியிருந்த நேரம். விட்டால் வைக்கோல்கூட மிஞ்சாது. ஆனால் டிரோன் போகிற வழியைப் பக்கத்து ஊர்ப் பயல்கள் போனிலேயே பார்த்து, வழியில் நின்று கல்லெறிந்தார்கள்.

கம்பெனியிலிருந்து இன்ஜினியர் மதிவதனி வந்து, டிரோனுக்குள் ஏதோ பூட்டுப் போட்டுக் கொடுத்தார்.

"இனிமே இது போற வழி யாருக்கும் தெரியக்கூடாதுங்க. பேரும் அடிக்கடி மாறும். நம்ம டிரோன்தானான்னு சந்தேகம் வந்தா போன்ல அதோட டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபாருங்க, அதுவே போடும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

தலைவர் அம்பலவாணனும் உறுப்பினர்கள் வீரபத்திரன், தெய்வசிகாமணி இருவரும் கூடி யோசித்தார்கள்.

"யாருக்கும்னா, நமக்குமா?" என்றார் வீரபத்திரன்.

"நாமளும் யாரோ ஒருத்தர்தானேப்பா!" என்றார் தலைவர்.

இவ்வளவு நியாயமான பேச்சை அந்த ஊர் கேட்டதில்லை. டிரோன் கிளம்பினால் ஊரே கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். அதை ஓட்டுகிற தெய்வசிகாமணிக்கு மட்டும் இரண்டு துண்டு.

மருந்து வயலில் விழவில்லை, மீன்குளத்தில் விழுந்தது. மீனெல்லாம் வயிற்றைக் காட்டி மிதந்தன.

"வழியைப் பார்த்திருக்கும். அதுங்க கண்ணைக் கட்டாம விட்டுட்டோம்" என்று வருத்தப்பட்டார் தலைவர்.

பிறகு பேர் வைப்பு. ஒவ்வொரு தடவை பறக்கும் முன்பும் புதுப் பேர், மேளம், சர்க்கரைப் பொங்கல். பூச்சி தின்றதைவிட இவர்கள் தின்றது அதிகம். 'வெற்றிவேல்' என்ற பேரோடு கிளம்பிய அன்று டிரோன் திரும்பவேயில்லை.

மறுநாள் பக்கத்து ஊர் ராஜாங்கம் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். "உங்க டிரோன் எங்க கொல்லையில கிடந்துச்சுங்க."

"எங்களோடதுன்னு யார் சொன்னா? கையெழுத்துப் போடட்டும்" என்று பேப்பரும் பேனாவும் வைத்தார் வீரபத்திரன்.

டிரோன் சும்மா கிடந்தது.

"எழுதப் படிக்கத் தெரியாதோ என்னமோ. கைநாட்டு வாங்குவோம்" என்றார் தெய்வசிகாமணி.

இறக்கையில் மையைத் தடவி முடுக்கிவிட்டார்கள். தலைவரின் வெள்ளைச் சட்டையெல்லாம் நீலம்.

தலைவர் சட்டையை உற்றுப் பார்த்தார். "இது வெறும் கிறுக்கல். நம்ம டிரோன் படிச்ச பொண்ணு கையில இருந்து வந்தது, இப்படி எழுதாது. திருட்டு டிரோன்! கொண்டு போய்யா."

ராஜாங்கம் இரண்டு தடவை எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் அதைக் கொண்டுபோய்த் தன் வயலுக்கு மருந்தடித்துக்கொண்டார்.

ஆலத்தங்குடியில் ஒரு கதிர் மிஞ்சவில்லை. தலைவருக்கோ பெருமை தாங்கவில்லை. "நம்ம டிரோன் எங்க இருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தனுக்காவது தெரியுமா? பாதுகாப்புன்னா இதுய்யா!"

ஊர் கைதட்டியது. அவருக்குப் பாராட்டு விழா எடுக்கத் தீர்மானம் போட்டார்கள். பாதுகாப்பு கருதி, விழா எங்கே, என்றைக்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. தலைவரிடமும்தான். மாலையும் கையுமாக ஆளுக்கொரு இடத்தில் போய் நின்றுவிட்டு, விழா பிரமாதம் என்று வீடு திரும்பினார்கள்.