கருநாக்கன் திருடிய செவந்தி பாட்டு

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மரங்கள் நடப்பதை நிறுத்தி, மலைகள் பேசுவதை நிறுத்தி, மைனாக்கள் மட்டும் மனுசர் பேச்சை மறக்காமல் இருந்த காலத்தில், கருவேல நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டுக்கு ஒரே ஒரு கண்மாய். அந்தக் கண்மாய்க்கு ஒரே ஒரு கரை. அந்தக் கரையைப் பற்றி ஒரே ஒரு பாட்டு. அதற்குச் செவந்தி பாட்டு என்று பேர்.

அப்போது ஆண்ட ராசா உக்கிரவர்மனுடைய பாட்டன் காலத்தில் அந்தக் கரை மூன்று தடவை உடைந்ததாம். உயிரோடு ஒரு பெண்ணை நிறுத்தி மேலே மண்ணைப் போட்டால் கரை நிற்கும் என்று எவனோ சொல்ல, மண் சுமக்க வந்த செவந்தி என்கிற பெண்ணைப் பிடித்துக் குழிக்குள் நிறுத்தினார்கள். மண்ணைப் போட்டார்கள். யார் கட்டிய பாட்டோ தெரியாது, அவள் குரலிலேயே இப்படி வரும்:

கரைமேல கொட்டுச்சத்தம், கரைக்குள்ள என் சத்தம்.
கால்மூட மண்விழுக கத்தி அழுதேனே.
இடுப்புமூட மண்விழுக எங்கப்பனைத் தேடினேனே.
கழுத்துமூட மண்விழுக கடைசியாக் கேட்டேனே,
எங்கிட்டக் கேட்டியளா ராசா, எங்கிட்டக் கேட்டியளா?

இவ்வளவுதான் பாட்டு. ஆனால் அந்த நாட்டு சனங்கள் அதன் மேல் வைத்த பிரியம் இருக்கிறதே, அதை என்னவென்று சொல்ல. கால்மூட என்று எடுத்தால் களை பறிக்கிற பெண்கள் கையை நிறுத்திவிடுவார்கள். இடுப்புமூட என்று எடுத்தால் பெண்ணைப் பெற்ற தகப்பன்மார் தலையைக் குனிந்துகொள்வார்கள். கயிறு திரிக்கிற கோட்டைச்சாமி ஒரு திருவிழாவில் அந்த வரியைக் கேட்டவர், அப்படியே எழுந்து மூன்று ஊர் நடந்து போய், மாமியார் வீட்டில் அடிபட்டுக்கொண்டிருந்த மகளைக் கையோடு கூட்டி வந்தார். கடைசி வரி வரும்போது கூட்டமே சேர்ந்து கேட்கும். அந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டுத்தான், தாலி கட்டுவதற்கு முன்னால் பெண்ணிடம் மூன்று தடவை சம்மதம் கேட்கிற வழக்கம் அந்த நாட்டில் வந்தது.

அந்த நாட்டில் செவந்தி பாட்டைப் பாடாதவள் ஒரே ஒருத்தி. சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்கிற மாடத்தி. அவளுக்குச் சுருதியும் வராது, தாளமும் வராது. பத்து வயசில் ஒரு தடவை வாயைத் திறந்தபோது, பாட்டுக்காரர் இருளப்ப அண்ணாவி உடுக்கையைக் கீழே வைத்துவிட்டு, "நீ கேளு தாயி, பாடாதே" என்றார். அன்றிலிருந்து அவள் கேட்டாள். ஒரு எழுத்து விடாமல் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அழுதாள். தாய் தகப்பன் போன பிறகு, தங்கச்சி பூவாயியை அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டேதான் வளர்த்தாள்.

உக்கிரவர்மனுக்கு அந்தப் பாட்டு ஆகவே ஆகாது. தேரில் போனால் வயலிலிருந்து 'எங்கிட்டக் கேட்டியளா ராசா' என்று கேட்கும். வேட்டைக்குப் போனால் ஆடு மேய்க்கிறவன் கேட்பான். பாடியவர்களைச் சவுக்கால் அடித்துப் பார்த்தான். அடிபட்டவர்கள் முதுகைத் தடவிக்கொண்டே பாடினார்கள். கடைசியில் கருநாக்கன் என்கிற மந்திரவாதியை அழைத்தான்.

பாட்டைத் தடுத்தால் வளரும், மாற்றினால்தான் சாகும் என்றான் கருநாக்கன். தன்னிடம் ஒரு பொன் மைனா இருப்பதாகவும், அதோடு சேர்ந்து மூன்று தடவை பாடுகிறவர் நாக்கில் தன் மந்திர வண்டு போய் உட்கார்ந்துகொள்ளும் என்றும் சொன்னான். பாடாதவர்களை என்ன செய்வாய் என்று ராசா கேட்டான். இந்த நாட்டில் செவந்தி பாட்டைப் பாடாதவர் யார் இருக்கிறார் என்று சிரித்தான் கருநாக்கன்.

கருநாக்கன் தோளில் பொன் மைனா சந்தைக்கு வந்தது. தேன் போன்ற குரல். சனங்கள் சுற்றி நின்று கூடவே பாடினார்கள். முதல் தடவை ஒரு வரி மாறியது. இரண்டாம் தடவை இரண்டு வரி. மூன்றாம் தடவை பாட்டு இப்படி ஆகிவிட்டது:

கால்மூட மண்விழுக கைகொட்டிச் சிரிச்சேனே.
இடுப்புமூட மண்விழுக எங்கப்பனை வாழ்த்தினேனே.
கழுத்துமூட மண்விழுக கடைசியாச் சொன்னேனே,
என்னாலே நாடு வாழும் ராசா, என்னாலே நாடு வாழும்.

சுண்ணாம்பு மூட்டையோடு நின்ற மாடத்திக்குக் காது கூசியது. தப்பாப் பாடுதே இந்தக் குருவி என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள். அவர்கள் அவளைப் புதுசாகப் பார்த்தார்கள். எப்போதும் இப்படித்தானே பாட்டு என்றார்கள். பேசும்போது ஒவ்வொருவர் நாக்கு நுனியிலும் மிளகு அளவு ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது.

மாடத்திக்குக் கோபம் வந்தது.

அடுத்த முகூர்த்தத்தில் ஒரு கல்யாணம். பெண்ணிடம் யாரும் ஒரு தடவைகூடச் சம்மதம் கேட்கவில்லை. மணவறையில் உட்கார்ந்திருந்தவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கொட்டுக்காரர்கள் அடித்து முழக்கிவிட்டார்கள். மாடத்தி பந்தியில் உட்காராமல் எழுந்து வந்தாள். கோபம் இன்னும் ஏறியது.

மூன்று மாதம் போனது. கண்மாய்க் கரையில் கசிவு கண்டது. உக்கிரவர்மன் தண்டோரா போட்டான். பாட்டன் செய்ததையே பேரனும் செய்யப் போகிறான், மனசார வருகிற பெண் ஒருத்தி வேண்டும் என்று. பழைய பாட்டு இருந்திருந்தால் தண்டோராக்காரன் ஊரைத் தாண்டியிருக்க மாட்டான். இப்போது சனங்கள் கைதட்டினார்கள். என்னாலே நாடு வாழும் என்று பாடிக்கொண்டே ஒருத்தி முன்னால் வந்து நின்றாள்.

அது பூவாயி.

மாடத்தி தங்கச்சியைத் தரதரவென்று வீட்டுக்கு இழுத்து வந்தாள். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். புள்ளி இருந்தது. உனக்கு என்னடி குறை வைத்தேன் என்று கேட்டாள். பூவாயி சிரித்த முகம் மாறாமல், செவந்தி சிரித்துக்கொண்டுதானே போனாள், நானும் அப்படிப் போகிறேன் என்றாள். மாடத்தி ஓங்கிய கையைக் கீழே போட்டாள். அடித்து என்ன ஆகப்போகிறது.

கோட்டைச்சாமியிடம் ஓடினாள். அந்த ஒரு வரிக்காக மூன்று ஊர் நடந்த மனுசனுக்கு ஞாபகம் இல்லாமலா போகும் என்று நினைத்தாள். அவர் வாசலில் கயிறு திரித்துக்கொண்டு, 'எங்கப்பனை வாழ்த்தினேனே' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மகள் எங்கே என்று கேட்டாள் மாடத்தி. திரும்பவும் மாமியார் வீட்டுக்கே அனுப்பிவிட்டதாகச் சொன்னார். சொல்லும்போது அவர் கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"எதுக்கு மாமா அழுறீக?"

"அழலையே தாயி. மூணு மாசமா கண்ணுல தூசி. எந்த மருந்துக்கும் கேட்க மாட்டேங்குது."

இருளப்ப அண்ணாவி வீட்டுக்குப் போனாள். பாட்டை மாற்றிவிட்டார்களே, நீங்களே இப்படிப் பாடலாமா என்று சண்டை போட்டாள். அண்ணாவிக்கு ரோசம் வந்துவிட்டது. ஐம்பது வருசமாகப் பாடுகிறவனுக்குத் தெரியாத வரி உனக்குத் தெரியுமா, சுருதி தெரியாதவளுக்குச் சொல் மட்டும் தெரியுமா என்று கேட்டார். உடுக்கையை எடுத்துப் பாடியே காட்டினார். 'கைகொட்டிச் சிரிச்சேனே' என்று பாடும்போது அவர் மார்பெல்லாம் கண்ணீரில் நனைந்திருந்தது. அது அவருக்கே தெரியவில்லை.

திரும்பி வருகிற வழியில் மாடத்தி நின்றாள். கருநாக்கன் சனங்களின் நாக்கைத்தான் கட்டியிருக்கிறான், கண்ணை அவனால் கட்ட முடியவில்லை என்று அவளுக்கு விளங்கியது. விளங்கியும் என்ன செய்வது என்று தெரியவில்லை. கோபம் மட்டும் சுண்ணாம்புக்கல்லில் தண்ணீர் பட்டதுபோலக் கொதித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் உச்சிவெயிலில் கரைமேல் ஊரே கூடியது. குழி வெட்டியாயிற்று. புதுச் சேலை கட்டிப் பூவாயியை அதற்குள் இறக்கினார்கள். குடையின் கீழே உக்கிரவர்மன், பக்கத்தில் கருநாக்கன், அவன் தோளில் பொன் மைனா. அண்ணாவி உடுக்கையைத் தட்டினார். கூட்டம் சிரித்த வாயும் வழிகிற கண்ணுமாகப் பாட ஆரம்பித்தது.

மாடத்தி சனங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து குழிக்குள் குதித்தாள். காவலர்கள் இழுக்கப் போனார்கள். உக்கிரவர்மன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"இருக்கட்டும். ரெண்டு பேரா நின்னா கரை இன்னும் உறுதியா நிற்கும்."

முதல் கூடை மண் விழுந்தது. பாதம் மூடியது. அப்போதுதான் மாடத்தி, பதினெட்டு வருசமாகப் பாடாமல் மூடி வைத்திருந்த வாயைத் திறந்தாள்.

"கால்மூட மண்விழுக கத்தி அழுதேனே."

பாட்டா அது. ஓட்டைச் சட்டியில் கல்லைப் போட்டு ஆட்டினதுபோல இருந்தது. கருநாக்கன் சிரித்தான், இந்தக் குரலை யார் காதில் வாங்கப் போகிறார்கள் என்று. ஆனால் அண்ணாவி முகத்தைச் சுளித்தார். தாளம் தப்புகிறது என்று முணுமுணுத்தார்.

மண் இடுப்புக்கு வந்தது. மாடத்தி தங்கச்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னும் பலமாகக் கத்தினாள்.

"இடுப்புமூட மண்விழுக எங்கப்பனைத் தேடினேனே."

"அந்த இடத்துல இழுக்காதேடி, பாட்டைக் கொல்லாதே" என்றார் அண்ணாவி. அந்தப் பாட்டை ஒருத்தி இப்படிக் குதறுவதை அவரால் நின்று கேட்க முடியவில்லை.

மண் கழுத்துக்கு வந்தது. மாடத்திக்கு மூச்சு முட்டியது. மிச்சம் இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"கழுத்துமூட மண்விழுக கடைசியாக் கேட்டேனே, எங்கிட்டக் கேட்டியளா ராசா..."

அண்ணாவியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அப்படி இல்லடி, இப்படி என்று உடுக்கையை ஓங்கி அடித்து, அவள் சொன்ன அதே வரியைச் சரியான சுருதியில் எடுத்துப் பாடினார். "எங்கிட்டக் கேட்டியளா ராசா, எங்கிட்டக் கேட்டியளா?"

பாடி முடித்தவர் இருமினார். அவர் வாயிலிருந்து ஒரு கறுப்பு வண்டு வெளியே விழுந்தது.

அண்ணாவி அந்த வண்டைப் பார்த்தார். நனைந்திருந்த தன் மார்பைத் தொட்டுப் பார்த்தார். குழியைப் பார்த்தார். பிறகு முதல் வரியிலிருந்து தொடங்கி, ஐம்பது வருசத்தில் பாடாத மாதிரி பாடினார். கோட்டைச்சாமி கூடச் சேர்ந்தார். வண்டு விழுந்தது. பெண்கள் சேர்ந்தார்கள். வண்டுகள் விழுந்தன. மண் சுமந்தவர்கள் சேர்ந்தார்கள், காவலர்கள் சேர்ந்தார்கள். கரையெல்லாம் வண்டு. எல்லாமாக ரீங்காரம் போட்டுக்கொண்டு கிளம்பி, கருநாக்கன் வாய்க்குள்ளேயே போய் அடைந்தன. அன்றோடு அவன் பேச்சுப் போயிற்று. தண்ணீர் கேட்க வாயைத் திறந்தாலும் 'என்னாலே நாடு வாழும்' என்றுதான் வந்தது. மைனாவின் மேலிருந்த பொன்பூச்சு உதிர்ந்தது. அது சாதாரண மைனாவாகிப் பறந்து போயிற்று.

கோட்டைச்சாமிதான் முதலில் குழிக்குள் இறங்கி, இரண்டு கையாலும் மண்ணை வாரி வெளியே எறிந்தார். பிறகு எல்லாரும் இறங்கினார்கள். பூவாயியும் இருமினாள், அவளுடைய வண்டும் போனது. வெளியே வந்தவள் அழவில்லை. தன்னைச் சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நான் வாறேன்னு சொன்னப்போ எல்லாரும் கைதட்டினீங்களே. ஒருத்தருக்காவது வேண்டாம்னு சொல்லத் தோணலையா?"

மந்திரத்தின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை.

அந்த வெட்கம்தான் அப்படியே கோபமாகி ராசாவின் பக்கம் திரும்பியது. உக்கிரவர்மனைக் குடையோடு பிடித்துக் குழிக்குள் நிறுத்தினார்கள். கூடையைத் தூக்கினார்கள். மாடத்தி குறுக்கே வந்தாள். அவள் கோபம் எல்லாரையும்விடப் பெரிசு. ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்றாள்.

"ராசா, உன்னை வச்சு மண்ணைப் போடட்டுமா?"

வேண்டாம் என்றான். இரண்டாம் தடவை கேட்டாள். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டான். மூன்றாம் தடவை கேட்டாள். வேண்டாம் என்று அழுதான். சம்மதம் இல்லை என்று சொல்லிவிட்டான், மேலே ஏற்றுங்கள் என்றாள் மாடத்தி. கிரீடத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு, அவன் கையில் ஒரு மண்கூடையைக் கொடுத்தார்கள்.

பிறகு அவள் கசிவு கண்ட இடத்தைத் தோண்டச் சொன்னாள். கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். வெறும் மண்ணும் சாம்பலும். சுண்ணாம்பு என்று ஒரு பிடி இல்லை.

"மண்ணுக்கு ஏதுய்யா பசி? சுண்ணாம்பு போடாமக் கட்டிப்பிட்டு, பொம்பளப் பிள்ளையக் கொண்டா கொண்டான்னு கேட்டிருக்கீங்க."

அன்றைக்கே காளவாய்கள் பற்றவைக்கப்பட்டன. கண்மாய்க்கும் கரைக்கும் மாடத்தி சொன்னதே சட்டம் என்று நாடு ஒப்புக்கொண்டது. கோட்டைச்சாமி போய் மகளை மறுபடி கூட்டி வந்து, அவள் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். மகள் இரண்டு நாள் பேசவில்லை. பூவாயி ஊராரோடு ஒரு வருசம் பேசவில்லை. பேசு என்று அவளை யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. அவள் பாட்டுக்குக் கல் சுமந்தாள், சாந்து குழைத்தாள். உக்கிரவர்மனும் அவளுக்கு நாலு கூடை தள்ளி நின்று சுமந்தான்.

பழைய கரையை அடிவரைக்கும் வெட்டியபோது செவந்தியின் எலும்புகள் கிடைத்தன. சின்னச் சின்ன எலும்புகள். அவளுக்குப் பதினாறு வயசுகூட ஆகியிருக்காது என்றாள் பிரசவம் பார்க்கிறவள். அண்ணாவி எதுவும் பாடவில்லை. எல்லாருமாகச் சேர்ந்து அவளை வெளியே எடுத்து, மேட்டில் ஒரு மருதமரத்து நிழலில் மண்ணிட்டு வைத்தார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஏழு நாள் விடாமல் பெய்தது. கண்மாய் தளும்பியது. ஊரே குடைக்குள்ளும் கோணிக்குள்ளும் கரைமேல் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது. எட்டாம் நாள் வெயில் அடித்தது. கரை நின்றிருந்தது. அதற்குள்ளே ஒருத்தரும் இல்லை.