ஆடிக் காற்றும் வேப்பமரத்துக் கிளியும்

முன்னொரு காலத்திலே, கிளி பேசினால் மனிதர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்ட காலத்திலே, பொன்னலை ஆற்றங்கரையில் ஒரு சின்ன நாடு இருந்தது. எவ்வளவு சின்னது என்றால், கோட்டை வாசலில் ஒருவன் தும்மினால் எல்லையில் நிற்பவன் "நூறாயுசு" என்பான்.

அந்த நாட்டின் ஆடிப்பெருக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு புளிக்காய்ச்சல் கொதிக்கும். நல்லெண்ணெய் வாசனை தெருவைத் தாண்டி ஆறு வரைக்கும் போகும். எல்லாரும் கரையில் வட்டமாக உட்கார்ந்து, தங்கள் வீட்டுச் சோற்றை விட்டுவிட்டு அடுத்த வீட்டுச் சோற்றைத்தான் முதலில் கேட்டு வாங்கித் தின்பார்கள். அதுதான் அங்கே வழக்கம். இருளாண்டி மத்தளம் வாசிப்பான். அவன் சிநேகிதன், கூத்துக் கோமாளி அய்யாக்கண்ணு, பொய்க் குறி சொல்லிச் சிரிக்க வைப்பான். அதை நினைத்தால் எனக்கு நாக்கிலும் ஊறுகிறது, கண்ணிலும் ஊறுகிறது.

அப்படிப்பட்ட நாட்டுக்கு வக்கிரசேனன் என்ற மந்திரவாதி அரசனாக வந்து சேர்ந்தான். கோட்டை வாசலில் ஆளுயர விளக்கு ஒன்றை ஏற்றினான். "இனி யாரும் கூடி உண்ணக் கூடாது. மாலைதோறும் வீட்டுக்கொரு கரண்டி எண்ணெய் என் விளக்கில் ஊற்ற வேண்டும். இதில் எதை மீறினாலும் கல்லாவார்" என்று பறையறைவித்தான்.

இருளாண்டி கேட்கவில்லை. அந்த ஆடிப்பெருக்கிலும் ஆற்றங்கரையில் மத்தளத்தை எடுத்தான். வக்கிரசேனன் தன் கோலை விளக்குச் சுடரில் காட்டி அவனைத் தொட்டான். மத்தளமும் கையுமாக அவன் கல்லாகிப் போனான். அவனைக் கோட்டை வாசலில் நட்டுவைத்தார்கள். அன்றோடு அய்யாக்கண்ணுவையும் காணோம்.

இருளாண்டியின் மனைவி சிட்டம்மை தினமும் எண்ணெய் ஊற்றப் போவாள். திரும்பும்போது புருஷனின் கல் முகத்தை முந்தானையால் துடைப்பாள். அவன் குரல் மெல்ல மெல்ல மறந்துகொண்டு வந்தது அவளுக்கு. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் சந்தை வேப்பமரத்தில் ஒரு பச்சைக்கிளி வந்து உட்கார்ந்தது. "கேளுங்கள், கேளுங்கள்! ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும். அரசன் எம்மாத்திரம்?" என்றது.

ஊருக்கு ஒரே சந்தோஷம். "நேத்து அரசன் குடை காத்துல சாய்ஞ்சுதே, பார்த்தியா? அதுதான் அறிகுறி" என்றார் ஒருவர். "போகப் போறவன்கிட்ட எதுக்கு வம்பு? இன்னைக்கு ஒரு கரண்டி ஊத்திட்டுப் போவோம்" என்றார் இன்னொருவர். ஊற்றினார்கள்.

ஆடி போயிற்று. அம்மியும் பறக்கவில்லை, அரசனும் பறக்கவில்லை.

"ஐப்பசி அடைமழையில் கரைந்துபோவான்" என்றது கிளி. "அரசன் இருமுறான். நான் காதால கேட்டேன். போகப் போறவன்கிட்ட எதுக்கு வம்பு?" என்றது ஊர். ஊற்றினார்கள். அடைமழையில் கரைந்தது மண்சுவர்தான்.

"தை பிறந்தால் வழி பிறக்கும்" என்றது கிளி. தை பிறந்தது. வழி பிறக்கவில்லை. அரசனுக்குத் தொந்திதான் வந்தது.

சிட்டம்மை யோசித்தாள். மத்தளத்தை எடுத்தவனையே அரசன் கல்லாக்கினான். மரத்தில் உட்கார்ந்து ஊரே கேட்கக் கத்துகிற கிளியை மட்டும் ஏன் ஒரு காவலனும் விரட்டவில்லை?

மறுநாள் கோவைப்பழத்தோடு போனாள். "தின்னு. தின்னுட்டு நிஜத்தைச் சொல்லு" என்றாள்.

கிளி பழத்தைத் தொடவில்லை. "தங்கச்சி" என்றது.

அவளை அப்படிக் கூப்பிட்டவன் உலகத்தில் ஒருவன்தான். "அய்யாக்கண்ணு அண்ணனா?"

"நானேதான். அரசன்தான் என்னைக் கிளியாக்கிட்டான். அவன் மந்திரமெல்லாம் விளக்குல இருக்கு. விளக்கு நம்ம எண்ணெயில இருக்கு. 'நாளைக்கே நான் போயிடுவேன்னு சொல்லு, இன்னைக்கு ஒழுங்கா ஊத்துவாங்க'ன்னான். சொல்லலைன்னா இருளாண்டியைச் சுத்தியலால உடைப்பேன்னான். உடைஞ்ச கல்லு உசிரா திரும்பாது தங்கச்சி."

சிட்டம்மை கிளியை நிமிர்ந்து பார்த்து, "ஊத்தலைன்னா அவன் போயிடுவானா அண்ணே?" என்றாள்.

"தெரியல. சத்தியமா தெரியல."

"இப்பத்தான் நீ உண்மையான குறி சொல்லியிருக்கே" என்று எழுந்தாள் அவள்.

ஆடிப்பெருக்கு வந்தது. பக்கத்து வீட்டுக் காத்தாயி எண்ணெய்க் கரண்டியோடு வந்து, "சிட்டு, காத்து கிளம்பிடுச்சு. இந்த வருஷம் கண்டிப்பா போயிடுவான். வா, ஊத்திட்டு வந்துடலாம்" என்றாள்.

"அவன் போவானா மாட்டானா, எனக்குத் தெரியாதுக்கா. என் எண்ணெய் புளிக்காய்ச்சலுக்குப் போயிடுச்சு. அது மட்டும்தான் தெரியும்."

சட்டியில் மிளகாயும் வெந்தயமும் பொரிந்தன. காத்தாயி வாசற்படியிலேயே நின்றாள். அந்த வாசனையை முகர்ந்து எத்தனை காலமாயிற்று! செத்துப்போன அம்மா, இடுப்பில் சுமந்துபோன பிள்ளை, ஆற்று மணல், எல்லாம் அவளுக்கு நினைவு வந்தன. ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே வீட்டுக்குப் போய் அடுப்பை மூட்டினாள். வாசனை தெருத்தெருவாய்ப் போயிற்று. அதற்குக் காவல் போட அரசனிடம் ஆளில்லை.

மாலையில் சிட்டம்மை சோற்றுப் பாத்திரத்தோடு கோட்டை வாசலில் நின்றாள்.

"எண்ணெய் எங்கே?" என்றான் வக்கிரசேனன்.

"சோத்துல இருக்கு, மகராசா."

கோலைச் சுடரில் காட்டி அவளைத் தொட்டான். பாதம் கல்லாயிற்று. முழங்கால் கல்லாயிற்று. இடுப்பு கல்லாயிற்று. "அடுத்தது யார்?" என்று கர்ஜித்தான். காத்தாயி வந்தாள், கையில் சோறு. அவளுக்குப் பின்னால் தெருவே வந்தது, எல்லார் கையிலும் சோறு. விளக்கின் சுடர் குன்றிமணி அளவுக்குச் சுருங்கியது. சிட்டம்மையின் இடுப்போடு கல் நின்றுவிட்டது.

"அந்த மத்தளக்காரன் சிலையை உடை!" என்று கத்தினான் அரசன். காவலன் சுத்தியலை ஓங்கினான். காற்று புளிக்காய்ச்சல் வாசனையோடு அவன் பக்கம் திரும்பியது. அவனும் அந்த ஊர்ப் பிள்ளைதானே. "காத்தாயி அக்கா, வேர்க்கடலை போட்டிருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே சுத்தியலைக் கீழே வைத்தான்.

விளக்கு அணைந்தது.

கல் இளகியது. திடும் என்று மத்தளம் ஒலித்தது. கிளியின் இறகுகள் உதிர்ந்து, அய்யாக்கண்ணு வேப்பமரக் கிளையில் எக்கச்சக்கமாகத் தொங்கினான். வக்கிரசேனனுக்குப் பல்லக்குத் தூக்க ஆளில்லை. நடந்தே போனான். எல்லையில் அவன் தும்மினானாம். யாரும் நூறாயுசு சொல்லவில்லை.

ஆற்றங்கரையில் எல்லாரும் பழையபடி வட்டமாக உட்கார்ந்தார்கள். "அய்யாக்கண்ணு, இனிமே இப்படி ஒருத்தன் வருவானா? குறி சொல்லேன்" என்று கேட்டார்கள்.

"சோத்தைத் தின்னுங்கப்பா. குறி கேட்டு வாழ்ந்தது போதும்" என்றான் அவன்.

இருளாண்டி கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "காத்தாயி அக்கா, உங்க சோத்துல ஒரு உருண்டை" என்றான். உயிரையே பணயம் வைத்துச் சமைத்தவள் பக்கத்திலேயே இருக்க, அடுத்த வீட்டுச் சோற்றைக் கேட்டான். மறந்துபோன அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே சிட்டம்மை சிரித்தாள்.

கேட்ட உங்களுக்கு ஆளுக்கொரு உருண்டை. சொன்ன எனக்கு அடிச்சட்டி.