பூங்கோதையின் கேபினட்டுக்கு வானம் தோண்டிய கதை

மண்ணாங்காட்டில் கட்டட வேலைக்கென்று ஒரு கோஷ்டி இருந்தது. நாலே பேர்தான். கொத்துவேலைக்கு வையாபுரி மேஸ்திரி, மரவேலைக்கு அங்கமுத்து ஆசாரி, குழாய் வேலைக்கு நாச்சிமுத்து, வெள்ளையடிக்க சூசை. கை சுத்தம், வேலை சுத்தம். சுவர் எழுப்பினால் நூல் பிடித்த மாதிரி நிற்கும். ஒரே ஒரு குறை, சொன்னதைச் சொன்னபடியே செய்துவிடுவார்கள்.

போன வருஷம் இவர்கள் வேலை செய்த வீட்டு வாத்தியார் ஒருவர், "கதவு காத்துல அடிச்சுக்குது, உள்பக்கம் தாழ் போட்டுட்டுக் கெளம்புங்க" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனார். நால்வரும் உள்பக்கம் தாழ் போட்டார்கள். பிறகு கூரை ஓடுகளைப் பிரித்து ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்து, பிரித்த ஓடுகளை ஒழுங்காக வேய்ந்துவிட்டுக் கிளம்பினார்கள். சாயங்காலம் வாத்தியார் தன் வீட்டுக் கதவைத் தட்டித் தட்டி, "யாரு உள்ளே?" என்று இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

இவர்களில் வையாபுரிக்கு மட்டும் கவலை ஒன்று வந்து சேர்ந்தது. அவன் மனைவி பூங்கோதை கம்ப்யூட்டரில் வீட்டுப் பிளான் வரையக் கற்றவள். சேலத்து இன்ஜினியர் ஒருவர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை பத்து மணிக்குள் வீட்டில் கம்ப்யூட்டர் ஓடினால் வீட்டிலிருந்தே வேலை. ஓடாவிட்டால் தினமும் காலை ஆறு மணி பஸ்ஸுக்குப் போய் இரவு எட்டு மணி பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும்.

வையாபுரியால் அதைத் தாங்க முடியாது. மத்தியானம் எந்த ஊரில் வேலை நடந்தாலும் சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்து அவள் கையால் கொள்ளு ரசம் ஊற்றிச் சாப்பிட்டால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். பதினாலு வருஷப் பழக்கம். அவள் இல்லாத வீட்டை நினைத்தாலே அவனுக்குக் கண் கலங்கும்.

பூங்கோதை செலவைச் சுருக்கக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி, தானே பூட்டிக்கொள்வதாகத் திட்டம் போட்டிருந்தாள். எல்லாம் வந்து கட்டிலில் வரிசையாகக் கிடந்தது. அவற்றை வைக்கும் பெட்டியான கேபினட் ஒன்றுதான் பாக்கி. சனிக்கிழமை காலை தங்கை வளைகாப்புக்குக் கிளம்பும்போது நால்வரையும் நிற்க வைத்துச் சொன்னாள்.

"ஏங்க, நல்லாக் கேட்டுக்குங்க. கேபினட்டுங்கறது இந்தப் பாகங்களுக்கெல்லாம் வீடு மாதிரி. மலிவா இருக்கோணும். நல்லாக் காத்தோட்டமா இருக்கோணும். நாளைக்கு இன்னும் ரெண்டு சேத்தாலும் எடம் இருக்கோணும். தூசி உள்ள போகப்படாது. கடைக்காரரு என்ன சொல்றாரோ அப்படியே செய்யுங்க. நீங்களா ஒண்ணும் யோசிக்காதீங்க."

"யோசிக்கவே மாட்டோம்" என்றான் வையாபுரி. அந்த வாக்கை அவன் கடைசிவரை காப்பாற்றினான்.

டவுன் கடைக்காரர் ஜெயபாலன் பொறுமைசாலி. இருப்பதிலேயே மலிவான கேபினட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். வையாபுரி விரலை மடக்கித் தட்டிப் பார்த்தான். டங்கென்றது.

"என்னங்க இது, ஒரு கல்லுச் செவுருகூட இல்ல. தகரக் கொட்டாயி."

"எல்லாக் கேபினட்டும் தகரந்தாண்ணே."

அங்கமுத்து மடியிலிருந்து மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துக் கேபினட்டின் உச்சியில் வைத்து ஒரு கண்ணை மூடினார். "வடகிழக்குல ஒரு நூலு எறங்கியிருக்குது."

"அது என் மேசைச் சாய்வுங்க ஆசாரி."

"அஸ்திவாரமே சரியில்லைங்கறீங்க" என்று ஆசாரி வருத்தத்தோடு ரசமட்டத்தைத் துடைத்து மடியில் செருகிக்கொண்டார்.

"தலைவாசல் எந்தத் திக்கு?" என்றான் வையாபுரி.

"நீங்க எந்தப் பக்கம் திருப்பி வெக்கறீங்களோ அந்தத் திக்குங்க."

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நினைத்த பக்கம் திரும்புகிற வீட்டில் யார் நம்பிக் குடியிருப்பது என்று சூசை காதோடு காதாகக் கேட்டான்.

ஜெயபாலன் அடுத்து ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினட்டைக் காட்டினார். சூசை சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"குடும்பம் இருக்கற எடத்துல கண்ணாடிச் செவுரா? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"உள்ள லைட்டு எரியறது வெளிய தெரியோணும்னுதான் வெக்கறாங்க."

"லைட்டு எரியறப்ப பாத்தா இன்னும் கேவலமுங்க."

நாச்சிமுத்து அதுவரை கேபினட்டைக் குப்புறக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தான். "இதுல தண்ணி லைன் எங்கீங்க?"

"தண்ணி வெச்சுக் குளுகுளுன்னு வெச்சுக்கற வகையும் இருக்குதுங்க. அது பெரிய வெலை, உங்களுக்கு வேண்டாம்."

நாச்சிமுத்து கேபினட்டை நிமிர்த்தி வைத்தான். "பணக்கார கேபினட்டுக்குத் தண்ணி உண்டு, ஏழை கேபினட்டு வறண்டு கெடக்கோணுமா?" என்றான்.

இப்படியே ஒன்பது கேபினட் பார்த்தார்கள். ஒன்றில் காற்று வருகிறதா என்று பார்க்க ஆசாரி உள்ளே தலையை விட்டு, எடுக்க முடியாமல், எண்ணெய் தடவி எடுக்க வேண்டியதாயிற்று. அத்தனை பொறுமைசாலியான ஜெயபாலனுக்கும் கடைசியில் வாய் தவறிவிட்டது.

"அண்ணே, இதுக்கு மேல மலிவா, இதுக்கு மேல காத்தோட்டமா வேணும்னா, நீங்களே கட்டிக்க வேண்டியதுதான்."

வையாபுரி மற்ற மூவரையும் திரும்பிப் பார்த்தான்.

"சொன்னாரா?" என்றான் வையாபுரி.

"சொன்னாரு" என்றார்கள் மூவரும்.

"அவரு சொல்றபடி செய்யச் சொன்னாளா பூங்கோதை?"

"சொன்னாங்க."

வையாபுரி கடைக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இத்தனை சுலபமான வழி இருக்கும்போது ஒன்பது கேபினட்டைப் புரட்டிக்கொண்டிருந்தோமே என்று அவனுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு நல்ல நேரம் பார்த்து, கூடத்தில் பிளக் பாயிண்ட்டுக்குப் பக்கத்தில் தரையைப் பெயர்த்து அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள். எவ்வளவு ஆழம் என்பதில் ஆசாரிக்கும் மேஸ்திரிக்கும் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது.

"குடியிருக்கறது கையகலச் சாமான்தானே மேஸ்திரி, ஒரு அடி போதும்."

"நாளைக்கு ரெண்டு சேத்தாலும் எடம் இருக்கோணும்னாளே. ரெண்டு மாடி தாங்கோணும். மூணடி தோண்டு."

மூன்றடி தோண்டிக் கருங்கல் போட்டார்கள். முக்கால் அடிச் சுவர், லிண்டல், சன்ஷேடு, நாலு பக்கமும் உச்சியில் சின்னச் சின்ன வெண்டிலேட்டர். மேலே தளம் போட்டு, வருங்கால மாடிக்காக நாலு மூலையிலும் கம்பியை உயரமாக விட்டுவைத்தார்கள். ஆசாரி வேப்பமரத்தில் ஒரு குட்டிக் கதவு செய்து மாட்டினார். நாச்சிமுத்து மாடித் தொட்டியிலிருந்து தனிக் குழாய் இழுத்து உள்ளே விட்டு, திறக்கும் திருகை வெளியே வைத்தான். சூசை பச்சை வண்ணம் அடித்தான். ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் இடுப்பளவு உயரத்தில் ஒரு வீடு எழும்பி நின்றது. மிச்சம் மீதி செங்கல்லும் சிமெண்டும்தான் என்பதால் காலணா செலவில்லை. இவ்வளவு மலிவான கேபினட் உலகத்திலேயே கிடையாது என்று வையாபுரி பூரித்துப்போனான்.

அந்த நேரம் பார்த்து பூங்கோதை பையோடு உள்ளே வந்தாள். குட்டி வாசலில் குட்டிக் கோலம். குட்டி மாவிலைத் தோரணம். ஸ்டவ்வில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

அவள் பையைக் கீழே வைத்தாள். பிறகு அவளும் கீழே உட்கார்ந்தாள்.

"ஏங்க... கேபினட் எங்கீங்க?"

வையாபுரி கையை நீட்டி அந்தக் குட்டி வீட்டைக் காட்டினான். அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் அவளுக்குத் திட்ட வாய் வரவில்லை. முதலில் அழுதாள். அழுகை பாதியில் சிரிப்பாக மாறியது. சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. கடையோ ஞாயிற்றுக்கிழமை பூட்டு. விடிந்தால் திங்கட்கிழமை. வேறு வழியில்லாமல் திருப்புளியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் மண்டியிட்டாள்.

"வலது கால் உள்ள போகாது. வலது கையை முன்னால விடு" என்றான் வையாபுரி. அவளும் விட்டாள்.

ஆசாரி ஒரு பலகையைச் செதுக்கிக் கொடுக்க, அதில் பாகங்களைப் பூட்டி உள்ளே நிறுத்தினாள். ஒயர்கள் வெண்டிலேட்டர் வழியாக வெளியே வந்தன. ஸ்விட்சைப் போட்டாள். நம்பினால் நம்புங்கள், கம்ப்யூட்டர் ஓடியது. காற்றாடி சுற்றியது. வீட்டுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"தூசி மட்டும் போகாமப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள். சூசை அந்தச் சொல்லைத் தட்டவில்லை. பூச்சின் ஈரவாடை போவதற்குள் கதவுச் சந்து பூராவும் பட்டிப் பசை வைத்து, ஓர் எறும்பு நுழைய வழியில்லாமல் அடைத்தான்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு இன்ஜினியர் செல்போனில் முகம் காட்டினார். பூங்கோதை மானிட்டரைக் காட்டினாள். ஒரு பிளானைத் திறந்து, சுவரை நகர்த்தி, ஜன்னல் வைத்துக் காட்டினாள்.

"மெஷின் சூடே ஆகல போலிருக்கே, சத்தமும் இல்ல. நல்ல கேபினட்டா பாத்து வாங்கியிருக்கீங்க" என்றார் அவர். "சரிம்மா, சேலம் வர வேண்டாம். வீட்டுலேர்ந்தே பாருங்க. பதினொரு மணிக்கு முதல் வேலையை அனுப்பறேன். சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் கொடுத்துடணும், அதுதான் முக்கியம்."

வையாபுரிக்குச் சந்தோஷத்தில் நிற்க முடியவில்லை. துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதான். ஆறு மணி பஸ் அவள் இல்லாமலே போகும், மத்தியானம் ரசம் கிடைக்கும், பதினாலு வருஷப் பழக்கம் நாற்பது வருஷமாகும்.

"இன்னிக்கு நாலு பேருக்கும் இங்கதான் சாப்பாடு. கொள்ளு ரசம் வெக்கறேன்" என்று பூங்கோதை அடுப்படிக்குப் போனாள். "கம்ப்யூட்டரை நல்லாப் பாத்துக்குங்க."

நால்வரும் நல்லாப் பார்த்தார்கள். நல்லாப் பார்த்ததில் சன்ஷேடுக்குக் கீழே மயிரிழை போல ஒரு கீறல் வையாபுரியின் கண்ணில் பட்டது. அவன் முகம் வெளுத்தது.

"ஆசாரி, இந்தக் கட்டடத்துக்குத் தண்ணி காட்டினோமா?"

யாரும் காட்டவில்லை. வையாபுரி மேஸ்திரி கட்டிய எந்தக் கட்டடத்திலும் இன்றுவரை வெடிப்பு விழுந்ததில்லை என்றால் காரணம் ஒன்றுதான். புதுச் சுவருக்கு இருபத்தோரு நாள், காலையும் மாலையும், உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் காட்டி நனைக்காமல் அவன் விட்டதே இல்லை.

"உள்ள ஆளு குடியிருக்காங்களே மேஸ்திரி" என்று சூசை தயங்கினான்.

"முன்னாடி ஒரு கிளார்க்கு வீட்டுல வேலை செஞ்சப்பவும் ஆளு குடியிருக்கறப்பத்தானே காட்டினோம். ஏதாச்சும் சொன்னாங்களா?"

"கட்டிலை வெளிய தூக்கிப் போட்டுக்கிட்டாங்க."

"இவங்களுக்குக் கட்டிலே இல்ல. பின்ன என்ன?"

நியாயமாகத்தான் பட்டது. சூசை சாக்கை நனைத்துத் தளத்தின்மேல் விரித்தான். உள்ளே காட்டுவதற்கு நாச்சிமுத்துவின் குழாய் இருக்கவே இருந்தது. ஏழை கேபினட்டுக்கும் தாகம் தீரப் போகிறதென்று அவன் கண்ணில் நீர் முட்ட, திருகைத் திறந்தான்.

மீட்டர் பெட்டியில் டப்பென்று ஒரு சத்தம். கூடத்து விளக்கு, மின்விசிறி, மானிட்டர் எல்லாம் ஒன்றாக அணைந்தன. குழாய் மட்டும் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

பூங்கோதை கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். நனைந்த சாக்கைப் பார்த்தாள். திறந்த திருகைப் பார்த்தாள்.

வையாபுரி பதறிப்போய் அந்தக் குட்டி வீட்டைச் சுற்றி வந்தான். குனிந்து அஸ்திவாரத்தைத் தடவினான். கதவுச் சந்தில் விரலை ஓட்டினான். நாலு மூலையிலும் காதை வைத்துக் கேட்டான். பிறகு நிம்மதியாக நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான்.

"பயப்படாத பூங்கோதை. ஒரு சொட்டு வெளிய கசியல. அத்தனையும் உள்ளயே நிக்குது."