ஓலை கேட்ட வயிறு

மழை ஓய்ந்தால் வீதியெல்லாம் தாமரை மணக்கும் ஏரிநாட்டை ஒரு காலத்தில் விசையராயர் என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான்; கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும். அந்த அரண்மனையில் ஒரு விசித்திர வழக்கம். நேரம் வீணாகக் கூடாதென்று, ராஜா சாப்பிடும்போதே ஒற்றர் ஓலைகளைப் படிப்பார்கள். குழம்புக்கு எல்லைச் சண்டை, ரசத்துக்குக் கலகம், மோருக்குக் களவு! ராஜா மெல்லாமல் விழுங்குவார், அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடுவார். ஒரு நாள் பேதி, மறுநாள் மலச்சிக்கல், எந்நாளும் உப்புசம்.

"எல்லாம் சமையல்காரி கைவரிசை, மகாராஜா!" என்றார் அரண்மனை வைத்தியர் பூதநாதர். அவருடைய சூரணத்தை விட்டு, அந்தப்புரமே சமையல்காரி காத்தாயியின் சுக்குக் கஷாயத்தைக் கேட்டு வாங்கியது. அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு.

"நாளை உச்சிக்குள் உன் சோற்றில் குற்றமில்லை என்று காட்டு. இல்லையென்றால் நாட்டை விட்டுப் போ" என்றார் ராஜா, காத்தாயியை வரவழைத்து.

காத்தாயிக்குப் பகீரென்றது. பதினோரு வருஷமாக அந்த அடுப்படிதான் அவள் உலகம். எங்கே போவாள், பாவம்! சாம்பிராணிபோல் சுழன்ற அடுப்புப் புகை நடுவே கண்ணை மூடினாள். ஒரு கவளம் சோறு போகும் வழி கனவாக விரிந்தது. பல் அரைத்தது, எச்சில் குழைத்தது, இரைப்பை பிசைந்தது. நீளக் குடல் சத்தை உறிஞ்சியபடி மெல்ல மெல்லத் தள்ளியது. எங்கோ யாரோ அதட்ட, குடல் வெடுக்கென்று சுருண்டது. அவள் சிரித்துக்கொண்டே எழுந்தாள்.

மறுநாள் சபையில், "வைத்தியரய்யாவே இதைச் சாப்பிடட்டும், மகாராஜா" என்று ராஜாவுக்குச் சமைத்த அதே சாப்பாட்டைப் பரிமாறினாள். பூதநாதர் ஒரு பிடி பிடித்தார். அப்போது காத்தாயி ஓர் ஓலையை எடுத்தாள்.

"அரண்மனை வைத்தியர் பூதநாதரைப் பற்றி ஒற்றன் எழுதுவது..." என்று நிறுத்தினாள்.

"எ... என்னைப் பற்றியா?"

"சாப்பிடுங்க ஐயா. போன பௌர்ணமியன்று..."

வைத்தியர் கவளத்தை மெல்லாமல் விழுங்கினார். முகம் வெளுத்தது. வயிறு கடமுடவென்றது. "ஐயோ!" என்று வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார் மனுஷர்.

ராஜா ஓலையைப் பிடுங்கிப் பார்த்தார். ஓர் எழுத்துமில்லை!

"எனக்குப் படிக்கத் தெரியாது, மகாராஜா. கலக்கியது என் சோறில்லை, அவர் பயம். மனசு பதறினால் குடலும் பதறும். சாப்பிடறப்போ ஓலையை ஒதுக்கி வைங்க, நேரத்துக்கு உட்காருங்க, நிதானமா மெல்லுங்க, எது ஒத்துக்கலைன்னு கவனிங்க, ஏரிக்கரையில் நாலு நடை நடங்க. சீரகத் தண்ணி நான் தர்றேன்."

ராஜா அப்படியே செய்தார். நாற்பது நாளில் வயிறு பெரும்பாலும் அடங்கியது. என்றைக்காவது முறுக்கினாலும் முன்போல் ஓடவில்லை. பூதநாதருக்குத் தண்டனை, தினமும் ராஜாவின் பக்கத்தில் வாய் பேசாமல் உட்கார்ந்து மென்று சாப்பிடுவது.

"உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா.

"நீங்க கூப்பிடற மணி எப்போ அடிக்குமோன்னு பயந்து பயந்து, பதினோரு வருஷமா நின்னுக்கிட்டே விழுங்கறேன், மகாராஜா. என் வயிறும் உங்க வயிறு மாதிரிதான். ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடணும்."

ராஜாவுக்குத் தலை குனிந்தது. தாமே இலை போட்டார். சபை முழுக்கக் காத்திருக்க, சாளரத்து வெயில் இலைமேல் சாய, காத்தாயி ஒவ்வொரு கவளமாக மென்று சாப்பிட்டாள். அவள் கை கழுவும்வரை ராஜாவும் எழுந்திருக்கவில்லை.