கரிச்சட்டி போட்ட செவலைக் குட்டிங்க

ஒரு ஊர்ல ஒரு சீனியம்மா. இட்லி சுட்டு விக்கிறவ. அவகிட்ட ரெண்டு நாய். பொட்டை நாய்க்குப் பேரு கரிச்சட்டி, கெடா நாய்க்குப் பேரு அண்டங்காக்கா. ரெண்டும் வெயில்ல நடந்து போனா எது நாய், எது நெழலுன்னு தெரியாது. அவ்ளோ கருப்பு! ம் கொட்டுடி கண்ணு.

“ம்.”

அப்புறம் ஒருநாள் கரிச்சட்டி எட்டுக் குட்டி போட்டுச்சு. ஆறு கருப்பு. ரெண்டு மட்டும் கருப்பட்டி மாதிரி செவலை! அதே வாரம் பண்ணையார் வேலாண்டி வீட்டுச் செவலை நாயும் குட்டி போட்டிருந்துச்சா, அவரு தபதபன்னு செருப்பு அதிர ஓடி வந்துட்டாரு.

“கருப்புக்கும் கருப்புக்கும் செவலை எப்படிப் பொறக்கும்? என் வீட்டுக் குட்டியைத் திருடிட்டா இவ!”

“என் கண்ணு முன்னாடி போட்டுச்சுங்கய்யா!”

ஊரே கூடிருச்சு. திருடினது நெசம்னா நாயுங்களை விட்டுட்டு ஊரை விட்டே போகணும்னுட்டாரு ஊர்த் தலைவரு. சீனியம்மாவுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. ஆனாலும் சொன்னா: “அடுத்த ஈத்து வரைக்கும் பொறுங்க. ரெண்டையும் உங்க கொல்லையிலயே அடைச்சுப் பூட்டுங்க, தலைவரே. என்ன பொறக்குதுன்னு பாப்போம்.”

தலைவரும் சரின்னுட்டாரு. கொஞ்ச மாசத்துல கரிச்சட்டி மறுபடி சினையாச்சு. அப்போ ஊர்ல இருந்த மூணு புத்திசாலிங்களும் வரிஞ்சு கட்டிக்கிட்டு வந்தாங்க.

வைத்தியர் சொன்னாரு, “சினையில எதைப் பாக்குதோ அந்த நெறந்தான் குட்டிக்கு வரும். போன தடவை செவலை மாட்டைப் பாத்திருக்கும்.” கரிச்சட்டி மூஞ்சிக்கு நேரா கிளிக்கூண்டைத் தொங்க விட்டாரு. “இப்பப் பாருங்க, பச்சைக் குட்டி!” கிளி கீச் கீச்ங்குது, கரிச்சட்டி லொள் லொள்ங்குது, தலைவர் வீட்ல ஒருத்தருக்கும் காது கேக்கல.

அப்புறம் டீக்கடைக்காரர் வந்தாரு. “எல்லாம் கலவைதாங்க. டிகாசன்ல பால் சேந்தாத்தானே நெறம் மாறும்?” தெனம் ஒரு சொம்பு பால் ஊத்தினாரு. சளக் சளக்னு குடிச்சுக் கரிச்சட்டி பூசணிக்காய் ஆயிருச்சு.

மூணாவது, சிலம்ப வாத்தியார். “ஆத்தா கத்துக்கிட்டது பிள்ளைக்குத் தானா வரும்”னு சொல்லி, அதுக்குக் கும்பிடு போடச் சொல்லிக் குடுத்தாரு. தூங்கிட்டியா?

“இல்ல அத்தை… பச்சைக் குட்டி பொறந்துச்சா?”

சொல்றேன் கேளு. குட்டி போடுற அன்னைக்கு டமடமன்னு தமுக்கடிச்சு ஊரே கொல்லையில கூடிருச்சு. ஒண்ணு வந்துச்சு, கருப்பு. ரெண்டு, கருப்பு. மூணு, கருப்பு. சீனியம்மா எட்டி எட்டிப் பாக்குறா. நாலு, அஞ்சு, ஆறும் கருப்பு. பண்ணையார் மீசையை முறுக்குறாரு. அப்போ ஏழாவது வந்துச்சு பாரு…

செவலை! எட்டாவதும் செவலை!

பச்சையுமில்ல, பாலுமில்ல, ஒண்ணாவது கும்பிடணுமே? கண்ணைக்கூடத் தெறக்கல.

அப்போ ஜல் ஜல்லுனு உப்பு வண்டிக்கார மொக்கையன் வந்தாரு. சீனியம்மாவுக்கு அந்த நாயுங்களைக் குடுத்தவரே அவருதான். எட்டிப் பாத்துட்டு, “அட! அப்படியே பாட்டி நெறம்! கரிச்சட்டியோட ஆத்தாவும் செவலை, அண்டங்காக்காவோட ஆத்தாவும் செவலை. அந்த ஆத்தாங்க ரெண்டும் அக்கா தங்கச்சிதான்”ன்னாரு.

சீனியம்மா டக்குனு புடிச்சுக்கிட்டா. “அப்ப செவலை எங்கயும் போகல! ரெண்டுக்குள்ளயும் ஒளிஞ்சு கெடந்திருக்கு. ரெண்டு பக்கத்துலயும் ஒளிஞ்சது ஒண்ணா சேந்தா வெளிய வந்துருது!”

ஊரே கையைத் தட்டுச்சு. பண்ணையாரு மட்டும் பொத்துன்னு தரையில உக்காந்துட்டாரு. மெதுவாக் கேட்டாரு, “ஏம்மா, மனுசங்களுக்கும் இப்படித்தானா?”

ஏன் கேட்டாரு தெரியுமா? அவரு மகனுக்கு ஒரு பொம்பளப் பிள்ளை பொறந்திருந்துச்சு, பூனைக்கண்ணோட. ‘எங்க வீட்ல யாருக்கும் இந்தக் கண்ணு இல்லையே’ன்னு மருமகளையும் பிள்ளையையும் பொறந்த வீட்டுக்கு அனுப்பிட்டாரு, பாவி மனுசன்.

“உங்க வம்சத்துல யாருக்குமே இல்லையாங்கய்யா?”ன்னா சீனியம்மா.

“எங்க அப்பத்தாவுக்கு… ஐயோ, இருந்துச்சும்மா!”

எழுந்து ஓடினாரு. வண்டி பூட்டக்கூட நிக்கல, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மருமக ஊருக்கே ஓடிட்டாரு. வாசல்ல மூச்சு வாங்க நின்னு, “தப்பு என் மேலதாம்மா. ஒளிஞ்சிருந்த கண்ணு”ன்னாரு.

மருமக இடுப்புல கையை வச்சா. “எங்க தாத்தாவுக்கும் இந்தக் கண்ணுதான், உங்க அப்பத்தாவுக்கும் இந்தக் கண்ணுதான்னு நான் எட்டு மாசமா கத்தினேன், மாமா. கேக்கல. நாய் வந்து சொன்னாத்தான் கேப்பீங்களோ?”

அவரை வாசல்லயே கொஞ்ச நேரம் நிக்க வச்சுட்டு, அப்புறம் பிள்ளையைக் கையில குடுத்தா. அது தன் பூனைக்கண்ணை உருட்டி உருட்டி அவரைப் பாத்துச்சு. பொக்கை வாயைத் தெறந்து சிரிச்சுச்சு. மீசையைக் கொத்தா புடிச்சுக்கிட்டு… சர்ர்ர்ர்ர்ன்னு சட்டையெல்லாம் நனைச்சிருச்சு!

“ஹி… ஹி… ம்…”

கதையும் கொட்டாவி விட்டுருச்சு, நீயும் கண்ணை மூடு.