திரைக்குப் பின்னால் எந்த ராஜா?

பாலூற்றுக்கோட்டையை ஆண்ட இளஞ்சிங்கராயருக்கு இளகிய மனசு. கூத்தில் யார் அழுதாலும் அவரும் சேர்ந்து அழுவார். மேல்துண்டு நனைந்துவிடும். அந்த இளகிய மனசால் ஒரு மனிதனின் தலை போக இருந்தது.

வசந்த விழாவுக்காக அரண்மனை முற்றத்தில் பட்டப்பகலில் கூத்து நடந்தது. கூத்தாடிகளை வடக்கேயிருந்து வரவழைத்தவர் அரசவை விகடர் ஆபத்சகாயம். கொடுங்கோல் மன்னன் குரோதகேதுவாக வேஷம் கட்டியவன் பெயர் மண்ணாங்கட்டி. பூனை குறுக்கே வந்தால்கூட ஒதுங்கி வழிவிடுகிற ஆள். அரிதாரம் பூசிக் கிரீடம் ஏறிவிட்டால் மட்டும் அவனைப் பார்த்துப் பெரியவர்களே ஒதுங்கி நிற்பார்கள்.

அன்று விசாரணைக் காட்சி. குரோதகேது தன் தம்பிக்கு நஞ்சு வைத்ததை ஒரு குயவன் பார்த்துவிடுகிறான். அவன் வாயை அடைக்க வேண்டும். ராணியின் மாலையைக் குரோதகேது தானே ஒளித்துவைத்துவிட்டு, குயவன் திருடினான் என்று பிடித்துவரச் செய்கிறான்.

"சாமி, ஒரு வார்த்தை..." என்று கும்பிட்டான் குயவன்.

"பேச்சுக் கேட்க நேரமில்லை. இழுத்துப் போங்கள்!" என்று மண்ணாங்கட்டி உறுமினான்.

கூட்டம் கொதித்தது. யாரோ வாழைப்பழத் தோலை வீசினார்கள். சிம்மாசனத்தில் இருந்த ராயர் எழுந்தே நின்றுவிட்டார்.

"பிடியுங்கள் அந்தப் பாவியை! யானையைக் கொண்டுவந்து அவன் தலையை இடறச் சொல்லுங்கள்!"

காவலர் பாய்ந்தார்கள். மண்ணாங்கட்டிக்கு முதலில் புரியவில்லை. கூத்தில் யானை கிடையாதே என்று யோசித்தான். யானையின் மணிச்சத்தம் நிஜமாகவே கேட்டபோதுதான் புரிந்தது.

ஆபத்சகாயம் முன்னால் ஓடினார். "மகாராஜா, அது வேஷம்!"

"வேஷமா? அந்தக் கண்ணைப் பாரும் விகடரே! மனசில் இல்லாத கொடுமை கண்ணில் வருமா?"

"வரவே வராது மகாராஜா," என்றார் பிரதானி வீரபத்திரர். விகடரை மட்டம்தட்ட நாள் பார்த்துக்கொண்டிருந்த மந்திரி அவர். "இந்தப் பாதகனை ஊருக்குள் அழைத்து வந்ததே நம் விகடர்தான்."

"மகாராஜா, ஒரு வார்த்தை..." என்று மண்ணாங்கட்டி கும்பிட்டான்.

"பேச்சுக் கேட்க நேரமில்லை. இழுத்துப் போங்கள்!" என்றார் ராயர்.

ஆபத்சகாயத்தின் காது விடைத்தது. இந்த வசனத்தை இப்போதுதானே கேட்டோம்? அவர் முகத்திலிருந்த பயம் போய்விட்டது.

"சரிதான் மகாராஜா. அவன் சாகவேண்டியவன்தான்," என்றார். மண்ணாங்கட்டி அவரை நம்ப முடியாமல் பார்த்தான். "ஆனால் கூத்து பாதியில் நிற்கிறது. வேஷமும் கலையவில்லை. களத்தில் நிற்கும் ராஜாவைத் தண்டிக்க இன்னொரு ராஜா வந்தால், அவரும் திரைக்குப் பின்னால் நின்று தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வரவேண்டும். கூத்தின் முறை அது. முறை தவறினால் பார்த்தவர்கள் நாளைக்குச் சிரிப்பார்கள்."

முறை என்றால் ராயர் மறுக்கமாட்டார். களத்தில் இறங்க அவருக்கு உள்ளூர ஆசையும் உண்டு. "சட்டென்று ஆகட்டும்!" என்றார்.

திரை வந்தது. பிடிக்க ஓர் ஆள் குறைந்தது. "பிரதானியாரே, அந்த முனையைக் கொஞ்சம் பிடியுங்கள். தூக்கி... இன்னும் தூக்கி," என்றார் ஆபத்சகாயம். வீரபத்திரர் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். ராயர் அதன் பின்னால் போய் நின்றார். மத்தளம் அதிர்ந்தது.

கூத்தில் வேஷங்களைக் கேள்வி கேட்டுச் சிரிக்கவைக்கும் கட்டியக்காரனின் குல்லாவை வாங்கி மாட்டிக்கொண்டு ஆபத்சகாயம் துள்ளி வந்தார். "யாரப்பா அது, திரைக்குப் பின்னால்? பேரென்ன, ஊரென்ன?"

"பாலூற்றுக்கோட்டை இளஞ்சிங்கராயன்!" குரலில் கொஞ்சம் கூத்து ஏறியிருந்தது.

"அடேங்கப்பா! உங்கள் நாட்டில் நீதி எப்படி ஐயா?"

"புழுவானாலும் அதன் பேச்சைக் கேட்டுத்தான் தீர்ப்பு!"

"பேஷ்! இன்றைக்கு ஒருவன் 'ஒரு வார்த்தை' என்று கும்பிட்டானே. என்ன பதில் சொன்னீர்?"

ஆபத்சகாயம் கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். கூத்தில் கட்டியக்காரன் கை உயர்த்தினால் ஜனங்கள் பதில் சொல்வது வழக்கம். யோசிக்காமல் முற்றமே முழங்கியது: "பேச்சுக் கேட்க நேரமில்லை! இழுத்துப் போங்கள்!"

முழங்கிய பிறகுதான் அவர்களுக்கு உறைத்தது. ஆளாளுக்கு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஆபத்சகாயம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மகாராஜா, பாட்டுக்காரர்கள் காத்திருக்கிறார்கள். நல்ல ராஜா வந்தால் மோகன ராகம், கொடிய ராஜா வந்தால் அடாணா. வந்திருப்பது எந்த ராஜா என்று சொன்னால் பாட ஆரம்பித்துவிடுவார்கள்."

திரைக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல். "அந்த மனிதன் சொல்லவந்ததைச் சொல்லச் சொல்லும்."

காவலர் கையை எடுத்தார்கள். மண்ணாங்கட்டி கிரீடத்தைச் சரிசெய்துகொண்டான்.

"வேறொன்றுமில்லை மகாராஜா. அடுத்த காட்சியில் எப்படியும் என்னைக் கொன்றுவிடுவார்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவந்தேன்."

திரையைத் தள்ளிக்கொண்டு ராயர் வெளியே வந்தார். சிரித்துச் சிரித்து மேல்துண்டு மறுபடியும் நனைந்திருந்தது. பாட்டுக்காரர்கள் மோகனம் எடுத்தார்கள்.

கூத்து தொடர்ந்தது. குரோதகேது செத்தான். நன்றாகவே செத்தான். ராயர் தன் கழுத்து மாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். யானை வந்தது வந்துவிட்டது, சும்மா திரும்ப வேண்டாம் என்று மண்ணாங்கட்டியை அதன்மேல் ஏற்றி, வேஷத்தோடேயே ஊர்வலம் அனுப்பினார்.

வீதி நெடுக ஜனங்கள் அவனைத் திட்டித் தீர்த்தார்கள். "குயவனைக் கொல்லப் பார்த்த பாவி, உனக்கு யானை வேறயா!"

மண்ணாங்கட்டி மேலிருந்து எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டே போனான். அன்று கிடைத்த பரிசுகளில் அவனுக்கு மிகவும் பிடித்தது அந்தத் திட்டுதான்.