பிரிண்டர் தின்ற பெயர்கள்

கள்ளிமேட்டு மடத்தில் குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு அறுபத்து மூன்று.

குரு தில்லைநாயகி அம்மை, துறவுக்கு முன்னால் பட்டணத்து ஆபீஸ் ஒன்றில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்தவர். மடத்துக்கு வந்தபோது அவர் கையில் இருந்தது ஒரு மாற்றுப் புடவையும், லினக்ஸ் ஓடும் ஒரு பழைய லேப்டாப்பும்தான். சீடர் குழந்தைவேலு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மார்ஜின் கோடு போடாத பிள்ளைகளின் விரல் முட்டியை முப்பது வருஷம் பதம் பார்த்தவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதே மார்ஜின் அவருக்குச் சனியாக வந்து சேர்ந்தது.

மறுநாள் கலெக்டரிடம் மனுக் கொடுக்க வேண்டும். காலை ஏழரை பஸ் ஊருக்குள் வந்து திரும்ப வேண்டும் என்று மனு. போன தடவை, "பாதி ஊர்தானே கேட்கிறது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவை எண்பத்து நாலு வீட்டின் பெயரும் வேண்டும், எதிரே கையெழுத்தும் வேண்டும். குழந்தைவேலு பக்கத்துக்கு இருபத்தொரு பெயராக நாலு பக்கம் தட்டி, பிரிண்ட் எடுத்து, மடத்து வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்தார்.

முதலில் வந்தவள் பூவாயி.

"ஏனுங்க வாத்தியாரே, எம்பட பேரைக் காணமுங்க."

"நல்லாப் பாரும்மா."

"எழுத்துக் கூட்டிப் பாத்துட்டனுங்க. பக்கத்து ஊட்டு மாமியா பேரு இருக்குது. அதோட தாளு முடிஞ்சு போச்சு. என்ற புள்ள தினம் மூணு மைலு நடக்கறா. அவளுக்கு பஸ்ஸு வேண்டாமுங்களா?"

வாங்கிப் பார்த்தார். இருபதாவது பெயருக்குக் கீழே எழுத்துகளின் தலை மட்டும், தண்ணீரில் முங்கப் போகிறவர் மாதிரி எட்டிப் பார்த்தது. நாலு பக்கத்திலும் அதே கதை.

கட்டளை தட்ட அம்மை அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். மேல் மார்ஜினுக்கு ஓர் எண், இட மார்ஜினுக்கு ஓர் எண் தட்டி மறுபடி பிரிண்ட் எடுத்தார். முதல் தாளைக் கையெட்டும் தூரத்தில் நீட்டிப் பிடித்தார். '1. ச. குழந்தைவேலு, தலைமையாசிரியர் (ஓய்வு)' என்று கொழுகொழுவென்று விழுந்திருந்தது.

"பிரமாதம்!"

பிரமாதம் இல்லை. பூவாயி இன்னும் முங்கியபடியே இருந்தாள்.

எழுத்தைச் சிறிதாக்கினார். பக்கத்துக்கு இருபத்து நாலு பெயர் வந்தது. பூவாயி கரையேறிவிட்டாள். ஆனால் நிரம்பிய பக்கத்துக்கு இரண்டு பேர் புதிதாகக் காணாமல் போனார்கள். அதில் ஒருவர் செங்காளியப்பன்.

"காத்தால தாளுல இருந்தனுங்களே வாத்தியாரே. அதுக்குள்ள செத்துப் போயிட்டனா?"

கடைவீதி பூட்டிக் கிடந்தது. மிச்சம் எட்டே தாள். குழந்தைவேலு சமையல்கட்டுக்கு ஓடினார். அம்மை பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தார்.

"அம்மை, அந்தப் பிரிண்டர் ஆள் பார்த்துக் கடிக்குது!"

"உங்களைக் கடிச்சுதா சார்?"

"என்னையா? என் பேர் முத்து முத்தா விழுதே!"

"அப்படிங்களா. சாப்பிட்டுட்டுப் பார்க்கலாம்."

"நேரமில்லை அம்மை. மார்ஜின் எவ்வளவு வைக்கணும்? ஒரே ஒரு எண் சொல்லுங்க, போதும்."

"இன்னைக்குப் பாயசம் சார்."

பந்தியில் குழந்தைவேலுவுக்கு எப்போதும் முதல் இலைதான். ஊரில் யாரும் அதில் உட்கார மாட்டார்கள். அன்றைக்கு அம்மை அவரைக் கைகழுவும் டிரம்முக்குப் பக்கத்தில், கடைசி இலைக்குக் கூட்டிப் போனார். முதல் இலையில் பூவாயியின் மகள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

பாயச வாளியை அம்மையே தூக்கினார். முதல் இலைக்கு இரண்டு கரண்டி. அடுத்ததற்கும் இரண்டு. நெய்வாசம் பந்தி நெடுக நடந்து வந்தது. குழந்தைவேலு இலையின் மூலையைத் துடைத்து, வழிந்து ஓடாமல் விரலால் அணை கட்டி வைத்தார்.

அவர் இலைக்கு வந்ததும் வாளி சாய்ந்தது. கரண்டி சுரண்டியது. ஒரே ஒரு திராட்சை விழுந்தது. அம்மை திரும்பி நடந்தார்.

"அம்மை! இங்கே ஒரு இலை இருக்கு!"

அம்மை காதில் விழாதது போலப் போய்விட்டார்.

குழந்தைவேலு அந்தத் திராட்சையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மோர்ச்சோறுகூட வாங்காமல் எழுந்து போனார்.

லேப்டாப்பில் எழுத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். முதல் வரியில் இருந்த தன் பெயரை வெட்டி, இருபத்தோராவது வரியில் ஒட்டினார். முதல் வரியில் பூவாயியை ஏற்றினார். ஒரு தாள் அச்சாகி வந்தது. 'குழந்தைவேலு' கழுத்தோடு போயிருந்தார்.

ஸ்கேலை எடுத்தார். தாளின் அடியில் வெட்டுப்பட்ட இடத்தை அளந்தார். அம்மை எப்போதோ சொல்லித் தந்த lpoptions -l என்ற கட்டளையைத் தட்டினார். பிரிண்டர் தன் மனசில் உள்ளதையெல்லாம் வரிசையாகச் சொன்னது. தாள் அளவு என்ற வரியில், அது எந்த அளவை நம்பிக்கொண்டிருக்கிறதோ அதன் தலையில் நட்சத்திரக் குறி இருக்கும். நட்சத்திரம் லெட்டர் என்ற அமெரிக்கத் தாள் அளவின் மேல் நின்றது. தட்டில் இருந்ததோ ஏ4. ஒரு விரற்கடை நீளம் கூடுதல். தாள் முடிந்துவிட்டது என்று எண்ணி, பிரிண்டர் ஒரு விரற்கடைக்கு முன்பே கடையைச் சாத்திக்கொண்டிருந்தது.

lpoptions -o PageSize=A4 என்று ஒரே வரி தட்டினார். நாலு தாளும் வந்தன. நாலையும் எடுத்து, அடியிலிருந்து மேலாகப் படித்தார். எண்பத்து நாலு பேரும் கைகாலோடு இருந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் கையெழுத்தெல்லாம் முடிந்தது. குழந்தைவேலு சமையல்கட்டுக்குப் போனார். அடுப்புமேல் பெரிய அண்டா. அதில் பாதிக்குமேல் பாயசம்.

"அம்மை! இவ்வளவு இருந்துதா?"

"இருந்துது சார். வாளிதான் சின்னது."

"அப்புறம் ஏன் இன்னொரு வாளி மொண்டு வரலை?"

அம்மை ஒரு டம்ளர் நிறைய மொண்டு அவர் கையில் கொடுத்தார்.

"முதல் இலைகிட்ட நின்னு பார்த்தேன் சார். பிரமாதமா இருந்துது."